மூன்றாவது அழைப்பு

ஒரு தடவை கூப்பிட்டாயிற்று. “தமயந்தி” என்று, அதிகம் சத்தம் போடாமல், ஆஸ்பத்திரி என்கிற மரியாதையோடு. பச்சைத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து பதில் இல்லை. இல்லாவிட்டால் என்ன, முதல் தடவைக்குப் பதில் வராது என்பது ஆவுடையப்பனுக்குத் தெரியாதா, பெற்று வளர்த்தவர் அவர்தானே. அவர் வீட்டில் முதல் குரலுக்கு ஏன் என்று கேட்டவர் எவரும் கிடையாது. ஆகையால் பயப்பட ஒன்றுமில்லை என்று மர பெஞ்சில் சாய்ந்துகொண்டார். பாளையங்கோட்டை வெயில் வாசலில் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது, உள்ளே வரலாமா என்று யோசிக்கிற ஆள் மாதிரி. டாக்டரம்மா சாப்பிட மாடிக்குப் போய்விட்டார். நர்ஸ் ஜெபக்கனி டிபன் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, “சில பிள்ளைங்க ஊசி போட்டதும் கண்ணை இருட்டிக்கிட்டு விழுந்திரும்யா, கொஞ்ச நேரம் படுத்துக் கிடக்கட்டும், நீங்க அங்கன உக்காருங்க” என்று ஒரு குண்டைப் போட்டுவிட்டுத்தான் போனாள். மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி. இங்கிலாந்தில், அவர் வாய்க்குள் நுழையாத பெயருள்ள ஓர் ஊரில், பல்கலைக்கழகத்தில் சேரப்போகிற பிள்ளை. விடுதியில் தங்குகிறவர்கள் இதைப் போட்டுக்கொண்டுதான் வரவேண்டும் என்று அங்கிருந்தே சொல்லிவிட்டார்கள். ஊர் ஊராக வந்த இளவட்டங்கள் ஒரே கூரைக்குக் கீழே, ஒருத்தர் மூச்சை ஒருத்தர் குடித்துக்கொண்டு, ஒரே கிளாஸில் வாய் வைத்துக்கொண்டு. அந்தக் கிருமிக்கு அதைவிட வசதியான கல்யாண வீடு கிடையாது என்றார் டாக்டரம்மா. மின்விசிறி சுற்றியது. திரை அசையவில்லை. வாசல்படியில் மூன்று ஜோடிச் செருப்பு கிடந்தது. ஒன்று அவருடையது, ஒன்று தமயந்தியுடையது, இன்னொன்று நீல வார் வைத்த ரப்பர் செருப்பு, அறுந்த வாருக்கு ஊக்குக் குத்தியது. யாரோ உள்ளே இருக்கிறார்கள் போல. ஆவுடையப்பன் அந்தச் செருப்பை ஒரு தடவை பார்த்தார், பிறகு சுவரில் சிரித்துக்கொண்டிருந்த தடுப்பூசிக் குழந்தையின் படத்தைப் பார்த்தார்.

அது கூப்பிடும். அப்படித்தான் அவருடைய அம்மா சொல்லி வளர்த்தாள். அது என்றால் எது என்று கேட்கக் கூடாது. உச்சிப்பொழுதில் கூப்பிடும், விளக்கு வைத்தபிறகு கூப்பிடும், நம் வீட்டு ஆள் குரலிலேயே கூப்பிடும், ஆனால் இரண்டு தடவைக்குமேல் கூப்பிட அதற்கு வாய் கிடையாது. மூன்றாவது தடவை கூப்பிடுகிறவன் மனுசன், அவனுக்குப் பதில் சொல்லலாம். இதற்குச் சாட்சி சீனியப்பப் பெரியப்பா. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் யாரோ “சீனியப்பா” என்று கூப்பிட, “ஏன்” என்று ஒரு வார்த்தை வாயை விட்டதற்கு, கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போனவர் போனவர்தான். மறுநாள் ஆற்றுக்கு அக்கரையில் உடைமரக் காட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். கையில் சோற்றுப் பருக்கை காயாமல் இருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. பேச்சு மட்டும் அந்த ஒரு வார்த்தையோடு நின்றுபோனது. சாப்பிட்டியளா என்றால் ஏன், பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் ஏன், வீடு தீப்பிடித்துவிட்டது என்றாலும் ஏன். அப்படியே கேட்டுக் கேட்டுச் செத்துப்போனார். இப்படி ஒரு பெரியப்பா உண்மையில் இருந்தாரா என்று ஆவுடையப்பனுக்குப் பலநாள் சந்தேகம் உண்டு. ஆனாலும் இந்த வயதிலும் அவர் சாப்பிடும்போது வாசல் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்காருவார். உச்சிக்கும் இருட்டுக்கும் மட்டும் இருந்த அந்தச் சட்டத்தை எல்லா நேரத்துக்கும் ஆக்கியது அம்மாதான், அதுவும் தம்பி லிங்கம் போனபிறகு. பொழுது விடிந்தது முதல் அடைகிறவரை மூன்று தடவை கூப்பிட்டால்தான் பதில். கேஸ் சிலிண்டர்க்காரன் இரண்டு தடவை கத்திப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போவான். தெருவில் செவிட்டு வீடு என்றே பெயர். தமயந்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று டீச்சர் பேர் வாசிக்க, பிள்ளை முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்துகொண்டே வரவில்லை என்று ஆனாள். இவர் ஓடிப்போய், “டீச்சர், இவளை மட்டும் மூணு தடவை கூப்பிடுங்க” என்று கேட்க, அந்தம்மா இவரை மேலும் கீழும் பார்த்து, “ஏன், மூணு தடவை அறிவிக்க உங்க மக என்ன ரயிலா?” என்றார். பிறகு பிள்ளை வெளியே ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பேச்சு என்று பழகிக்கொண்டது. இருந்தாலும் பழகிக்கொண்டது எல்லாம் மேல்சட்டை. காய்ச்சல் வந்தால் முதலில் கழற்றுவது மேல்சட்டையைத்தான். அப்புறம் உள்ளே நிற்பது வளர்த்தவர்கள் வளர்த்த பிள்ளை.

“தமயந்தீ...” இது இரண்டாவது. கொஞ்சம் நீட்டி, வேப்பமரம் வரை போகிற மாதிரி. ஆவுடையப்பனுக்கு அதுதானே வேலை. கோர்ட்டில் டவாலி. வெள்ளைச் சட்டை, குறுக்கே சிவப்புப் பட்டை, நெஞ்சில் பித்தளை வில்லை. வராந்தாவில் நின்று வழக்குக்காரர் பேரைக் கூப்பிட வேண்டும். ஒரே பேர்தான், மூன்று தடவைதான், ஆனால் மூன்றும் ஒன்றல்ல என்பார் அவர், கேட்கிற ஆளிருந்தால். முதலாவது வராந்தாவில் நிற்கிறவனுக்கு. இரண்டாவது வேப்பமரத்தடியில் வக்கீலோடு பேசிக்கொண்டிருப்பவனுக்கு. மூன்றாவது தெருவுக்கு, பஸ்ஸில் வந்துகொண்டிருப்பவனுக்கு, வரலாமா வேண்டாமா என்று வீட்டில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவனுக்கு. அந்த மூன்றாவதும் கூப்பிட்டு, காத்திருந்து, அதற்கும் பதில் இல்லை என்றால்தான் உள்ளே திரும்பி, இல்லை ஐயா என்று சொல்லலாம். மூன்று தடவை கூப்பிடாமல் ஒருத்தனை இல்லை என்று சொல்வதற்கு ஜட்ஜுக்கே அதிகாரம் கிடையாது. கோர்ட்டு வாசல் டீக்கடையில் அவர் விடுகிற கதை ஒன்று உண்டு: செத்துப்போன ஒரு வாதியைத் தெரியாத்தனமாக இவர் கூப்பிட்டுத் தொலைக்க, மூன்றாவது குரலுக்கு மரத்துக் கிளையிலிருந்து ‘ஆஜர் ஐயா’ என்று சத்தம் வந்ததாம், ஜட்ஜையா தலை நிமிராமல் வாய்தா போட்டாராம். “செத்தவனுக்கு வாய்தாவா அண்ணாச்சி?” என்று எவனாவது கேட்பான். “உயிரோட இருக்கவனுக்கே தீர்ப்பு கிடைக்கலை, செத்தவனுக்கு மட்டும் உடனே கிடைச்சிருமாடே?” என்பார். கடை முழுக்கச் சிரிக்கும். அவரும் சிரிப்பார். சிரித்து முடித்தபிறகு டீ எப்போதும் ஆறிப்போயிருக்கும். அது ஏன் என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை. இரண்டாவதுக்கும் பதில் இல்லை. வராது. வரக்கூடாது. இதில் பயப்பட என்ன இருக்கிறது, இன்னும் ஒரு தடவை கூப்பிட்டால் “என்னப்பா” என்று வரப்போகிறாள். கூப்பிட வேண்டியதுதான். ஆனால் வாய் வரவில்லை, ஏனென்றால் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருக்கிற இந்த இடம் அவருக்கு நன்றாகத் தெரிந்த இடம். இங்கே ஒருத்தன் படுத்திருக்கிறான்.

சங்கரலிங்கம். வீட்டில் லிங்கம். அவருக்கு நேர் இளையவன், அந்த வீட்டிலிருந்து முதல் முதலாகக் காலேஜுக்குப் போனவன். கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு காலேஜ் விடுதி. பஸ் ஏறும்போது நீலச் செருப்பின் வார் பிய்ந்துகொள்ள, ஆவுடையப்பன்தான் அம்மாவின் தாலிக்கயிற்றிலிருந்து ஊக்கை உருவிக் குத்திக் கொடுத்து, தீபாவளிக்குப் புதுசு எடுத்துத் தாரேன்டா, அதுவரைக்கும் நொண்டிக்கிட்டே படி என்றார். தீபாவளிவரை போகவில்லை. காய்ச்சல் என்று படுத்தவன், தலை வெடிக்குது என்றானாம், கழுத்தைக் குனிய முடியவில்லை என்றானாம், வெளிச்சம் ஊசியாய்க் குத்துகிறது என்று விளக்கை அணைக்கச் சொல்லிப் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டானாம். இதெல்லாம் என்ன என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும், புது ஊர்த் தண்ணீர் சேரவில்லை என்றிருப்பார்கள். கூட இருந்தவன் தனபால் என்று ஈரோட்டுப் பையன், நல்ல பையன், ராத்திரி சாப்பிடப் போகும்போது வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறான். விடுதி வாசலில் ஆவுடையப்பன் கையைப் பிடித்துக்கொண்டு அவன் அழுதது இன்னும் அந்தக் கையில் ஈரமாக இருக்கிறது. “ரெண்டு வாட்டி கூப்பிட்டனுங்கண்ணா. தூங்கறானாட்ட இருக்குது, எழுப்ப வேண்டாம்னு கதவைச் சாத்திப்போட்டுப் போயிட்டனுங்க. திரும்பி வர்றப்ப...” இரண்டு வாட்டி. அவன்மேல் என்ன தப்பு, அவன் ஊரில் ஒரு வாட்டியிலேயே பதில் சொல்லிவிடுவார்களாக இருக்கும். அம்மா, எதுக்கோ ஏன் என்று கேட்டுவிட்டான் என் பிள்ளை, முதல் குரலுக்கே கேட்டுவிட்டான் என்று மாரில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்துதான் வீட்டில் பகலும் இரவாயிற்று. அன்றிலிருந்துதான் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுக் கூப்பிடவில்லை. ஆனால் ஆவுடையப்பனுக்கு முள் வேறு இடத்தில். அவன் தூங்கவில்லையோ. முதல் தடவை கூப்பிட்டது கேட்டிருக்குமோ. இரண்டாவதும் கேட்டிருக்குமோ. இருட்டில், போர்வைக்குள், கண்ணைத் திறந்துகொண்டு, நாக்கில் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு, சின்ன வயசிலிருந்து சொல்லிக்கொடுத்தபடி ஒழுக்கமாக, மூன்றாவது தடவைக்குக் காத்துக்கொண்டு கிடந்தானோ. கதவு சாத்துகிற சத்தம் கேட்டிருக்குமோ. கேட்டும், இதோ திரும்பி வந்து கூப்பிடுவான் என்று இருந்தானோ. எவ்வளவு நேரம் இருந்தான். இப்போதும் இருக்கிறானோ.

மூன்று தடவை கூப்பிடாமல் ஒருத்தனை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதுதான் விஷயம். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

இதோ இந்தப் பிள்ளையை அதே மாதிரி ஓர் அறைக்குத்தான் அனுப்பப் போகிறார். அங்கே கதவு தானாகச் சாத்திக்கொள்ளுமாம், பூட்டிக்கொள்ளுமாம், தமயந்தி பெருமையாகப் போனில் படம் காட்டினாள். ஊசி போட்டாயிற்றே, இனிமேல் என்ன என்று அவர் கேட்டதற்கு டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சொன்னார்: “இது நாலு வகைக் கிருமிக்குத்தான்யா. வேற வகையும் இருக்கு. ஊசி போட்டாச்சுன்னு அசந்துரக் கூடாது. காய்ச்சல், தலைவலி, கழுத்து வளையாம நிக்கிறது, வெளிச்சம் கூசுறது, எது வந்தாலும் பக்கத்து ரூம் பிள்ளையை உடனே கூப்பிடணும். அவங்க கூப்பிட்டா இவ உடனே குரல் குடுக்கணும். இந்த நோய்க்கு நாளைக்குப் பார்த்துக்கலாம்ங்கிற பேச்சே கிடையாது.” உடனே குரல் கொடுக்கணும். தமயந்தி தலையாட்டினாள். அவரும் ஆட்டினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சொல்லிவிட வேண்டியதுதானே, அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள், இனிமேல் முதல் தடவைக்கே பதில் சொல்லு தாயீ என்று. எத்தனையோ நாள் வாயைத் திறந்திருக்கிறார். திறந்தால் சோற்றுக் கையோடு சீனியப்பப் பெரியப்பா எழுந்து நடக்கிறார். சட்டத்தை எடுத்துவிட்டு, முதல் வாரமே அந்தப் பனிக்குள்ளிருந்து ஏதோ ஒன்று அப்பன் குரலில் கூப்பிட்டு, பிள்ளை ஏன் என்று கேட்டுவிட்டால்? எடுக்காமல் விட்டு, வெளியே எவளோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை இரண்டு தடவை கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டால்? இந்தப் பக்கமும் பிணம், அந்தப் பக்கமும் பிணம், நடுவில் இவர் சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டொக் என்றது. திரைக்கு உள்ளே இருந்த வெளிச்சம் அணைந்தமாதிரி இருந்தது. எப்போது அணைந்தது? இப்போதா, முன்னாலேயேவா? கண்ணை இருட்டிக்கொண்டு விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்குமே. கட்டிலில் படுத்துக்கொண்டே மயங்கினால் சத்தம் கேட்காதே. அவள் மூன்றாவதுக்குக் காத்துக்கொண்டு படுத்திருக்கிறாளா, இல்லை வேறு மாதிரிப் படுத்திருக்கிறாளா? வெளியே நிற்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். தனபாலுக்கும் இப்படித்தான் கேட்டிருக்கும். எழுந்து போய்த் திரையை விலக்கலாம், நாலு எட்டு இருக்காது. கால் வரவில்லை. வாய் மட்டும் இத்தனை வருசம் பழகிய வாய், வராந்தாவுக்கு ஒன்று, வேப்பமரத்துக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என்று கணக்குத் தவறாத வாய், தானாகத் திறந்துகொண்டது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தது. சுவரெல்லாம் அதிரக் கூப்பிட்டது.

“சங்கரலிங்கம்!”

தப்பான பேர் என்று காதுக்குத் தெரிவதற்கு முன்னால் பதில் வந்துவிட்டது.

“இந்தா வாரேன்ணே.”

கரகரத்த குரல். நெடுநேரம் வாயை மூடி, உதடு ஒட்டிப்போய், பிரித்துப் பேசுகிறவன் குரல். அவசரம் இல்லை, கோபம் இல்லை, இவ்வளவு நேரமா கூப்பிடுவதற்கு என்கிற சடைவு மட்டும் லேசாக. கட்டில் கம்பி கிறீச்சிட்டது. யாரோ காலைத் தரையில் ஊன்றுகிற சத்தம். பச்சைத் திரை விலகியது.

தமயந்தி நின்றாள். ஊசி போட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, தலை கலைந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு.

“என்னப்பா, இங்கயுமா கோர்ட்டு? மாடியில டாக்டரம்மாவுக்குப் புரையேறியிருக்கும்.”

அவருக்கு முதலில் வந்த கேள்வி அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியே இல்லை. “நீ ஏன் மூணாவது கூப்பிடறதுக்கு முந்தி வந்தே?”

“ரெண்டு தடவை என்னையக் கூப்பிட்டீங்க. மூணாவது வேற யாரையோ கூப்பிட்டீங்க. அந்த அண்ணனும் வாரேன்னுட்டாங்க. இனிமே எனக்கு ஏது மூணாவதுன்னு நானே எந்திரிச்சு வந்துட்டேன்.”

“எந்த அண்ணன்?”

“பக்கத்துக் கட்டில்ல. நடுவுல ஒரு திரை போட்டிருக்காங்கல்லா, அதுக்கு அங்கிட்டு. நான் படுக்கும்போதே முனங்கிக்கிட்டுக் கிடந்தாங்க. என்னண்ணே செய்யுதுன்னேன். வெளிச்சம் குத்துதுன்னாங்க. நான்தான் லைட்டை அமத்தினேன்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “உங்களுக்குத் தெரிஞ்சவங்களாப்பா? யாரு சங்கரலிங்கம்?”

ஜெபக்கனி சோற்றுக் கையோடு ஓடிவந்தாள். “யாருய்யா அது சத்தம் போட்டது? உள்ள லைட்டை யாரு அமத்தினா?” தமயந்தி சொன்னதைக் கேட்டு, முழங்கையால் விளக்கைப் போட்டு, நடுத்திரையை விலக்கினாள். வெறும் கட்டில். விரித்த விரிப்பு. தலையணையில் மட்டும் ஒரு குழி. “இன்னைக்கு ஊசிக்கு வந்ததே நீ ஒருத்திதானம்மா. கனாக் கண்டிருப்பே. அந்தத் தலையணையா, அது பஞ்சு போயிருச்சு, எப்பவும் அப்படித்தான் கிடக்கும்.” பிறகு ஆவுடையப்பன் முகத்தைப் பார்த்தாள். “பெரியவரே, ஊசி அவளுக்குத்தான போட்டோம், நீங்க ஏன் வேர்க்கிறீங்க? இந்தக் கட்டில்ல சித்தப் படுங்க.”

“வேண்டாம்மா” என்றார் ஆவுடையப்பன், கொஞ்சம் வேகமாகவே. “அது பேஷன்ட் கட்டில்.”

வாசல்படிக்கு வந்து, குனியாமல், வெயிலைப் பார்த்தபடியே நின்று, காலாலேயே தடவித் தன் செருப்பைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டார். அங்கே இப்போது எத்தனை ஜோடி கிடக்கிறது என்று பார்க்கவில்லை. தமயந்தி பார்த்தாள் போல. அவசரமாகத் தன்னுடையதை மாட்டிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாப்புப் புங்கை நிழலில் நிற்கும்போதுதான் அவருக்கு நாக்கு ஈரமாயிற்று. “அது உன் சித்தப்பன் பேர்” என்றார். படத்துக்குப் பூப் போடும்போதுகூட அந்த வீட்டில் சொல்லாத பேர். தனபால் சொன்னதையெல்லாம் சொன்னார், முதல் தடவையாக, ஒரு பொய்யும் கலக்காமல். அவள் ஊசி போட்ட இடத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள். ஒரு பஸ் வந்து நின்று போயிற்று. இரண்டு பேரும் ஏறவில்லை.

“அங்க போயி, யாரு கூப்பிட்டாலும் முதல் தடவைக்கே ஏன்னு கேட்டிரணும். தெரியுதா?”

“சரிப்பா.” அடுத்த பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே, “அது கூப்பிட்டா?”

அவர் ரோட்டைப் பார்த்தார். தார் உருகிப் பளபளத்தது. “அதுவா இருந்தாலும் கேளு. அதுவும் யாரு குரலுக்குக் காத்துக்கிட்டுக் கிடக்கோ. கூப்பிடறது நீயா இருந்தா, பதில் வாற வரைக்கும் கூப்பிடு. ரெண்டோட நிறுத்தாதே, மூணோடயும் நிறுத்தாதே. கதவை உடை.”

“வெள்ளைக்காரன் கதவுப்பா. காசு கேப்பான்.”

“அதுக்கு நான் ஆஜர் ஆகுறேன்.”

அவள் சிரித்தாள். மோர் வாங்கி வருகிறேன் என்று எதிர்ச்சாரிக் கடைக்கு நடந்தாள். அவள் நடுரோட்டில் போகும்போது, சோதித்துப் பார்க்கவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை, ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “தமயந்தி” என்றார், ஒரு தடவை, பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடக் கேட்காத குரலில்.

“ஏம்ப்பா?” உடனே திரும்பினாள்.

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. முதல் குரலுக்கே பதில் வந்தால் எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்.

மறுநாள் டீக்கடையில், “அண்ணாச்சி, இன்னைக்கு என்ன புளுகு?” என்று கேட்டார்கள். கையில் ஒன்று இருந்தது, கடையையே கட்டிப்போடுகிற மாதிரி. கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தார். “ஒண்ணுமில்லடே” என்று டீயைச் சூட்டோடு குடித்துவிட்டு எழுந்து போனார். முதல் வழக்கு. யாரோ ஒரு மாடசாமி. வராந்தாவுக்கு ஒன்று கூப்பிட்டார், வேப்பமரத்துக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று. பதில் இல்லை. இல்லை ஐயா என்று சொல்ல உள்ளே ஒரு கால் வைத்தவர், அந்தக் காலை எடுத்துக்கொண்டு மறுபடி வராந்தா விளிம்புக்கு வந்து, நாலாவது தடவை கூப்பிட்டார். ஜட்ஜ் தலை நிமிர்ந்து பார்த்தார்.